எண்ணுக்குப் பெயர் போதுமா?

500 பெரிதா, 250 பெரிதா? இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட யோசிக்காமல் பதில் சொல்லிவிடும். ஆனால் பல நாட்டு ஆஸ்பத்திரிகள் நம்பியிருக்கும் ஒரு பெரிய மருத்துவ அறிவுக் களஞ்சியத்துக்கு 2021-ஆம் ஆண்டு வரை அது தெரியாது. கேட்கச் சிரிப்பு வரலாம். ஆயினும் இது நோயாளியின் உயிரைப் பற்றிய விஷயம்.

ஸ்னோமெட் சி.டி. என்பது அந்தக் களஞ்சியத்தின் பெயர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தனித்தனியே வளர்ந்த இரண்டு தொகுப்புகளை ஒன்றாக்கி 2002-ல் அதை வெளியிட்டார்கள். நோய், மருந்து, உறுப்பு, சிகிச்சை என்று மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகள் அதில் உண்டு. இந்தியாவும் 2014-ல் அதில் உறுப்பு நாடாகச் சேர்ந்தது.

அதை வெறும் அகராதி என்று எண்ணிவிடக் கூடாது. அது தர்க்க முறையில் அமைந்தது. "அமாக்சிசிலின் பெனிசிலின் வகையைச் சேர்ந்தது" என்று அதில் எழுதியிருக்கிறது. "இந்த நோயாளிக்குப் பெனிசிலின் ஒவ்வாது" என்று டாக்டர் பதிவு செய்கிறார். இரண்டையும் சேர்த்து, அமாக்சிசிலின் கொடுப்பது ஆபத்து என்று கம்ப்யூட்டர் தானே முடிவுக்கு வரலாம். யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெயரும் அளவும்

வகைகளைப் பொறுத்தவரை தர்க்கம் கெட்டிக்காரத்தனமாகத்தான் வேலை செய்தது. எண் வந்ததும் தொல்லை வந்தது. கல்லீரல் என்பது ஒரு பெயர், காய்ச்சல் என்பது ஒரு பெயர் என்பதுபோல், 500 என்பதையும் ஒரு பெயராகவே வைத்திருந்தார்கள். ராமன், கோபால் என்று இரண்டு பெயர்களைச் சொல்லி, எது எதைப்போல் இரு மடங்கு என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? 500-க்கும் 250-க்கும் அந்தக் கதிதான்.

0.5 மில்லிகிராமும் 500 மைக்ரோகிராமும் ஒரே அளவு. பெயரை மட்டும் பார்க்கும் யந்திரத்துக்கோ அவை வேறு வேறு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அளவே தெரியாத யந்திரத்துக்கு அமிர்தம் எது, நஞ்சு எது என்று எப்படித் தெரியும்?

2021-ல்தான் அந்தக் களஞ்சியத்தில் எண்களை எண்களாகவே எழுதத் தொடங்கினார்கள். தாமதமானாலும் நல்ல காரியம்.

ஏன் தாமதம்?

நிபுணர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல முடியாது. தர்க்கத்துக்குள் கணக்கைக் கொண்டுவருவது, கூடாரத்துக்குள் ஒட்டகத்தை விடுவது போன்றது. முழு எண்களில் கூட்டல் மட்டும் இருந்தால், எந்தக் கூற்றும் மெய்யா பொய்யா என்று கண்டுபிடிக்கத் திட்டமான வழி உண்டு. பிரெஸ்பர்கர் என்பவர் 1929-ல் இதை நிரூபித்தார். கூடவே பெருக்கலையும் தாராளமாக அனுமதித்தால், அப்படி ஒரு பொது வழியே இருக்க முடியாது. கெடல், சர்ச், டூரிங் ஆகியோர் 1930-களில் செய்த ஆராய்ச்சிகளிலிருந்து இது தெளிவாயிற்று. யந்திரம் பதில் தேடிக்கொண்டே இருக்கும். நோயாளி காத்துக்கொண்டே இருப்பார்!

1991-ல் பாடர், ஹான்ஷ்கே என்ற இரண்டு ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு நடுவழி சொன்னார்கள். தர்க்கத்தை வக்கீல் என்றும், கணிதத்தைக் கணக்குப்பிள்ளை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் தனித்தனி அறை. நடுவே ஒரு சிறு ஜன்னல். "இந்த நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று பொருந்துமா?" என்று வக்கீல் கேட்பார். கணக்குப்பிள்ளை பார்த்துச் சொல்வார்.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது பொதுவான வரம்பு. ஒருவர் காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரையை நான்கு வேளை சாப்பிடுகிறார். அது 2,600. ஜலதோஷத்துக்கு வேறு பெயருள்ள மாத்திரை மூன்று வேளை. அதிலும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. அது 1,500. மொத்தம் 4,100!

ஜலதோஷ மாத்திரைக்குள் பாரசிட்டமால் ஒளிந்திருப்பதை வக்கீல்தான் கண்டுபிடிப்பார். வரம்பு தாண்டியதைக் கணக்குப்பிள்ளைதான் சொல்வார். ஒருவர் இல்லாவிட்டாலும் ஆபத்து கண்ணில் படாது.

நாம் கேட்க வேண்டியவை

பேசும் யந்திரங்கள் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பழைய தர்க்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அழகாகப் பேசும் யந்திரம், தவறான கணக்கையும் அதே அழகோடு சொல்லிவிடும். தர்க்கத்தில் வந்த முடிவுக்கோ, எந்த விதியிலிருந்து வந்தது என்று படிப்படியாகக் கணக்குக் காட்டலாம். மருந்து விஷயத்தில் அந்தக் கணக்கு அவசியம்.

ஆகவே, நோயாளிகளின் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஆஸ்பத்திரிகளிடம் நாம் மூன்று காரியங்களை வற்புறுத்த வேண்டும்.

முதலாவது, எண்ணை எண்ணாகவே பதிய வேண்டும்.

இரண்டாவது, அலகு இல்லாமல் எண்ணை ஏற்கக் கூடாது. நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் 1999 செப்டம்பரில் செவ்வாயை அடைந்தபோது அழிந்தது ஏன்? ஒரு தரப்பார் பவுண்டுக் கணக்கில் கொடுத்த எண்களை, மறு தரப்பார் நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். அங்கே போனது விண்கலம். இங்கே மில்லிகிராம் மைக்ரோகிராமாக மாறினால் ஆயிரம் மடங்கு வித்தியாசம், போவது உயிர்.

மூன்றாவது, யந்திரத்தின் எல்லையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இணையத்துக்கான ஓ.டபிள்யூ.எல். 2 என்ற தர்க்க மொழி 2009-ல் வெளியாயிற்று. பெரிய களஞ்சியங்களுக்கான அதன் இ.எல். பிரிவில், "இவ்வளவுக்குச் சமம்" என்று எழுதலாம்; "இதைவிட அதிகம்" என்று விதி எழுத இடமில்லை. லட்சக்கணக்கான கருத்துகளிருந்தாலும் விடை விரைவில் வர வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே போட்ட வேலி அது. அதில் தவறில்லை. ஆனால் வேலிக்கு அப்பால் உள்ள ஒப்பீட்டை யார் செய்கிறார்கள் என்பது டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ஆபத்து இல்லை" என்ற பதிலும், "நான் பார்க்கவில்லை" என்ற பதிலும் திரையில் ஒன்றுபோல் தெரிந்தால், அந்த யந்திரத்தை நம்பி மாத்திரை எழுதுவது எப்படி?