சன்னலின் இரு புறமும்



அண்மையில் ஒரு மாலைப்பொழுது. அலுவல் முடிந்து வடகரப்பதிக்குத் திரும்பியிருந்த நம்மைத் தேடி, அண்டை வீட்டு அம்மையார் தம் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்தார். பேத்தி தமிழ் வழியில் பயின்று பத்தாம் வகுப்புத் தேறியவள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அதனைக் கைபேசி வழியாகவே அனுப்ப வேண்டுமாம். "தம்பி, இதிலே வீட்டுப்பெயர் கேட்கிறதே! நம் வீட்டுக்குப் பெயர் ஏது?" என்று அம்மையார் வினவினார்.

வினா சிறிது, பொருள் பெரிது. மலையாள மக்களிடையே வீட்டுக்கு ஒரு பெயருண்டு. அது ஆளின் பெயரோடு சேர்ந்து வழங்கும். கொங்கு நாட்டிலிருந்து இப்பக்கம் குடியேறிய நம் குடும்பங்களுக்கோ தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே உண்டு. 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் அவ்வெழுத்தை இட்டோம். ஓரெழுத்தை ஏற்பதற்கில்லை என்று திரை மறுத்தது. வீட்டுப்பெயரை நிரப்பாது விட்டோம்; அடுத்த பக்கம் திறக்கவில்லை. அன்றாடம் பலர் பெயரை எழுதிப் பழகிய ரயில்வே குமாஸ்தாவாகிய நாமே, தந்தை பெயரை முழுதும் எழுதி, வீட்டுப்பெயருக்கு ஊர்ப்பெயரை இட்டுவிடு என்று யோசனை கூறினோம். பத்து நாள் கழித்து, சான்றிதழிலுள்ள பெயரும் விண்ணப்பத்திலுள்ள பெயரும் ஒத்திருக்கவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. இருமுறை அலுவலகம் ஏறி இறங்கிய பின், கெடு முடிவதற்கு முதல் நாள், அங்கிருந்த அலுவலர் ஒருவர் பரிவோடு திருத்திக் கொடுத்தார். அம்மையாருக்கு இரண்டு நாட் கூலி போயிற்று.

அந்த மென்பொருளை இயற்றியவர்கள் வேலை அறியாதவர்களா? கோயமுத்தூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் நம்மூர் இளைஞரிடம் இதைக் கேட்டோம். "அண்ணா, அந்தக் கட்டம் சொன்னபடியேதான் வேலை செய்திருக்கிறது. காலியாக விடக்கூடாது என்றிருப்பார்கள், அது விடவில்லை. ஓரெழுத்தை ஏற்கக்கூடாது என்றிருப்பார்கள், அது ஏற்கவில்லை. சோதனையில் நன்றாகவே தேறியிருக்கும்" என்றார் அவர். இயந்திரம் தேறிற்று, அதன் முன் வந்து நிற்பவர் யார் என்பதை மட்டும் எவரும் எண்ணவில்லை. அவர் விளக்கியதையும் நாம் படித்தறிந்ததையும் சேர்த்து ஈண்டு எழுதுகின்றோம்.

முற்காலத்தில் மென்பொருள் செய்வோர் முழுத்திட்டத்தையும் முதலிலே எழுதி முடித்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து, இறுதியில் மொத்தமாக ஒப்படைப்பர். ஒப்படைக்கும் நாளில் கேட்டவரின் தேவையே மாறியிருக்கும். இக்குறை தீரும்பொருட்டு 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலைவிடுதி ஒன்றில் 17 பேர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். 'அஜைல்' என்று வழங்கும் முறை அதனால் பெயர் பெற்றது. வேலையைச் சில வாரத் தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு தவணை முடிவிலும் ஓடக்கூடிய ஒரு பகுதியைக் கொடுத்து, குறையறிந்து திருத்திக்கொண்டே செல்வது அதன் சாரம்.

மற்றொரு துறை, பயன்படுத்துவோரின் அனுபவத்தை முன்னிறுத்தும் வடிவமைப்பு. டொனால்டு நார்மன் என்னும் அறிஞர் அன்றாடப் பொருள்களின் அமைப்பைப் பற்றி 1988இல் ஒரு நூல் எழுதினார். ஒரு கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் திகைத்தால், குறை அவரிடம் இல்லை, கதவின் அமைப்பில்தான் இருக்கிறது என்பது அவர் காட்டிய உண்மை.

இரண்டும் நல்லவையே. ஆயினும் ஒரே வண்டியில் பூட்டிய இரு காளைகளுள் ஒன்று ஓடவும் மற்றொன்று நின்று பார்க்கவும் விரும்பினால் வண்டி என்னாகும்? கட்டுவோர், "இந்தத் தவணைக்குள் முடிக்கவேண்டும்" என்பர். வடிவமைப்போர், "மக்களைப் பார்த்து வந்தபின் சொல்கிறோம்" என்பர். முடிவில் பார்க்கும் வேலை பின்னுக்குத் தள்ளப்படும். அல்லது கட்டி முடித்த சுவருக்கு வண்ணம் பூசும் வேலையாகச் சுருங்கிவிடும்.

கனடாவின் டொராண்டோ நகரில் ஏலியாஸ் என்ற நிறுவனத்தார் இதற்கோர் ஒழுங்கு கண்டனர். அங்குப் பணியாற்றிய லின் மில்லர் 2005லும், டெசிரே சை 2007லும் அதை விளக்கி எழுதினர். கட்டுவோர் மூன்றாம் தவணையைக் கட்டும்போது, வடிவமைப்போர் நான்காம் தவணைக்குரியதை வரைந்து மக்களிடம் காட்டிச் சோதிப்பர். ஐந்தாம் தவணைக்கு வேண்டியதைக் கேட்டறிவர். முடிந்துபோன இரண்டாம் தவணையை மக்கள் எவ்வாறு கையாளுகின்றனர் என்பதையும் பார்ப்பர். இவற்றுக்கெல்லாம் முன்னே, கட்டட வேலை தொடங்குமுன், பார்ப்பதற்கென்றே ஒரு சுழியத் தவணை ஒதுக்குவர். ரயில் பாதையில் கீமேன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். வண்டி கவிழ்ந்த பின் அவர் நடந்து பயன் என்ன?

இதற்குப் பெருஞ்செலவாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேகப் நீல்சன் 2000இல் எழுதினார். அந்த ஐவருள் ஒருவராக நம் அம்மையார் இருந்திருப்பின், வீட்டுப்பெயர்க் கட்டம் ஒரே நாளில் அகப்பட்டிருக்கும். ஐவரும் ஒரே தெருவினராக இருந்தால் மட்டும் பயனில்லை.

நாம் பணிபுரியும் துறையிலேயே ஒரு சான்று காட்டலாம். முன்பதிவில்லாப் பயணச்சீட்டைக் கைபேசியில் எடுக்கும் வசதி 2014இல் மும்பைப் புறநகர்ப் பகுதியில் தொடங்கிற்று. நிலையத்திற்குள் நின்று சீட்டெடுக்க அது இடந்தரவில்லை; பரிசோதகரைக் கண்ட பின் சீட்டெடுப்போரைத் தடுக்க அவ்விதி வேண்டியதே. ஆனால் அவசரமாக நிலையத்துள் ஓடிவந்த நேர்மையான பயணியும் அதனால் தடைபட்டார். பின்னர் நிலையத்தில் ஒட்டிய கியூஆர் குறியைக் கைபேசியால் படித்துச் சீட்டெடுக்க வழி செய்தனர். நிலையத்திலிருந்து இவ்வளவு தொலைவுக்குள் இருந்தால்தான் சீட்டு என்றிருந்த எல்லையை 2022இல் விரித்து, 2024இல் நீக்கினர். சிறுகச் சிறுகத் திருத்துவதன் நன்மை இதில் விளங்குகிறது. ஆனால் ஒவ்வொரு திருத்தத்திற்கும் இடையே கழிந்த ஆண்டுகளில் இடர்ப்பட்டவர் மக்களே அன்றோ?

காத்திருக்க இயலாத காலமும் உண்டு. 2021 மே மாதத்தில், 18 முதல் 44 வயதுக்குட்பட்டோர் கோவின் தளத்தில் முன்பதிவு செய்தே தடுப்பூசி பெற வேண்டியிருந்தது. கைபேசியும் ஆங்கிலமும் கைவராதவர் திகைத்தனர். அம்மாத இறுதியில் அரசு மையங்களில் நேரிற் பதியவும், ஜூன் மாதத்தில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தளத்தைப் பார்க்கவும் வழி பிறந்தது. திருத்தம் விரைந்தே வந்தது. எனினும் அந்நாட்களில் ஒவ்வொரு வாரமும் உயிரோடு தொடர்புடையது.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலை உண்டு. எந்தக் குறையையும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் முறையிடலாம் என்கிறது அரசமைப்பின் 350ஆம் பிரிவு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் எழுத்துப்போக்குவரத்து நடத்த இடந்தந்தது. காகிதத்தில் பெற்ற இவ்வுரிமை, திரையிலுள்ள ஒரு கட்டத்தில் இழக்கப்படலாகாது. காகிதப் படிவத்தில் பொருந்தாத இடத்தைக் கோடிட்டு விடலாம். சன்னலுக்கு அப்பால் இருக்கும் குமாஸ்தா முகம் பார்த்துப் புரிந்துகொள்வார். திரைக்கு முகம் பார்க்கத் தெரியாது. ஆதலின் அதனை இயற்றுவோர் முன்னரே பார்த்திருத்தல் வேண்டும்.

கோவையிலும் பெங்களூரிலும் மென்பொருட் பணியிலிருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊர் வரும்போது, நீங்கள் செய்யும் திரையைப் பாட்டியின் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லித் தராமல் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். பெற்றோர்களுக்கும் ஒன்று. எந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டம் இடறிற்று என்பதை ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். திரட்டி உரிய அலுவலகங்களுக்கு அனுப்புவோம். முதல் தாளை நாம் எழுதி வைத்துவிட்டோம். அதில் உள்ள முதல் வரி, அம்மையார் கேட்ட அதே கேள்விதான்.