டிவிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி தேவையா?

புது டிவிக்குப் பில் போடும்போது கடைக்காரர் மெல்ல ஆரம்பிப்பார்: "சார், இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினா மூணு வருஷம் கவலையே இல்லை." நாமும் தலையாட்டி விடுகிறோம்.

திருநகரில் எங்கள் தெருவில் உள்ள ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் இப்படித்தான் பணம் கட்டினார். இரண்டாம் வருடம், மின்னலடித்த ஒரு மழை இரவில் டிவி இருண்டு போனது. "இது வோல்டேஜ் கோளாறு, வாரண்டியில் வராது" என்று கையை விரித்து விட்டார்கள். அவரிடம் இருந்த தாளிலேயே அந்த விதி பொடி எழுத்தில் இருந்தது.

பிக்சர் டியூப் காலத்தில் பக்கத்துக் கடை மெக்கானிக் பெரும்பாலான பழுதுகளைக் குறைந்த செலவில் சரி செய்து விடுவார். இன்றைய எல்.இ.டி. டிவியிலும் பவர் சப்ளை, பேக்லைட் போன்றவற்றைப் பழுது பார்க்கலாம். ஆனால் பேனல் போனால், டிவி விலையில் பெரும் பகுதி அதற்கே போய்விடும். ஆகவே, வாரண்டி என்றால் முதலில் பேனலைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். டிவி 14,000 ரூபாய், வாரண்டி 2,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏழு டிவியில் ஒன்று அடியோடு போனால்தான் இந்தப் பணம் நியாயமாகும். என் கருத்து: சிறிய டிவிக்கு இது வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ஸ்பைக் கார்டு ஒன்று வாங்குங்கள், மீதியைச் சேமியுங்கள். இடி மின்னலின் போது பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றி விடுங்கள். விலை உயர்ந்த பெரிய டிவி என்றால், இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் மட்டும் வாங்கலாம்:

1. பேனலுக்கும் வாரண்டி உண்டா?

2. காலம் எப்போது தொடங்குகிறது? வாங்கிய நாளிலிருந்தா, நிறுவனம் தரும் முதல் வாரண்டி முடிந்த பிறகா?

3. பொறுப்பு யாருக்கு? தயாரிப்பாளருக்கா, வேறு கம்பெனிக்கா? தேய்மானம் கழிப்பார்களா?

எழுதிக் கொடுத்ததை மறுத்தால் விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

கடைசியாக ஒன்று. கடை பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் பில்லையும் வாரண்டித் தாளையும் ஸ்கேன் செய்து வைத்துக் கொள்ளுங்கள். பில் இல்லாவிட்டால் எந்த வாரண்டியும் வெறும் காகிதம்தான்.