பிறர் கதையும் ஓர் அமானிதமே

தமிழ்த்துறையில் பணியாற்றும் நம்மிடம் மாணவர் கொண்டுவரும் கட்டுரைகளுள் பெரும்பாலானவை பிறர் எழுதியவற்றின் படிகளாகவே உள்ளன. முன்னர் வழிகாட்டி நூல்களிலிருந்து படியெடுத்தனர். இன்று கைப்பேசியிலிருந்து எடுக்கின்றனர். கருவி மாறிற்றேயன்றிப் பழக்கம் மாறவில்லை. இக்குறை நீங்கும் வழி குறித்து, ஒரு மாணவருக்குக் கற்பிக்கப் புகுந்து நாமும் கற்றுக்கொண்ட பாடத்தைப் பெரியோர் முன்னும் மாணவச் செல்வங்கள் முன்னும் வைக்க விழைகிறோம்.

அவர் முதலாமாண்டு மாணவர். ஒத்தக்கடைக்கு அருகிலுள்ள சிற்றூரினர். கட்டுரைப் போட்டியொன்றிற்கு ‘நோர்ஸ் தொன்மங்கள்’ என்னும் பொருளைத் தெரிவு செய்திருந்தார். நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளின் மக்கள் கிறித்துவத்தைத் தழுவுமுன் போற்றிவந்த தெய்வக் கதைகளே அவை. ஓதின், தோர், லோகி முதலிய பெயர்கள் திரைப்படங்களின் வாயிலாக நம் இளைஞர்க்கு இன்று அறிமுகமாகிவிட்டன.

அவர் கட்டுரையில் லோகி, தோரின் தம்பி என எழுதப்பட்டிருந்தது. “தம்பி, இதனை எந்த நூலில் கண்டீர்கள்?” என்று வினவினோம். “படத்தில் பார்த்தேன் ஐயா” என்றார். பழைய ஐஸ்லாந்துப் பாடல்களிலோ லோகி, ஓதினோடு குருதி கலந்து உறவு பூண்டவன். திரைப்படக் கதைக்கும் மூலத்திற்கும் உள்ள இவ்வேறுபாட்டை விளக்கியபோது அவர் முகம் வாடிற்று. பின்னர்த் தயங்கித் தயங்கி வேறொன்றும் கூறினார்: “இதை எழுதுறதே அத்தாவுக்குப் பிடிக்கலை ஐயா. அடுத்தவங்க சாமிக் கதையெல்லாம் உனக்கு எதுக்குன்னு கேக்குறாங்க.”

அத்தந்தையின் கேள்வியை எள்ளி ஒதுக்குதல் தகாது. மகனின் ஈமானைப் பற்றிய கவலை அது. எனவே விடையும் நம் மரபிலிருந்தே வருதல் வேண்டும் எனக் கருதினோம்.

921ஆம் ஆண்டு பக்தாதிலிருந்து கலீஃபா அல் முக்ததிரின் தூதுக்குழு வோல்கா ஆற்றங்கரை நாட்டிற்குப் புறப்பட்டது. அதிற் சென்றவர் இப்னு ஃபள்லான். அங்கே வடபுலத்திலிருந்து வந்த ரூஸ் வணிகரைக் கண்டார். அவர்தம் தலைவன் ஒருவனின் உடலைக் கப்பலில் வைத்து எரித்த சடங்கை நேரில் நின்று நோக்கி எழுதி வைத்தார். அம்மக்களின் பழக்கங்கள் பல அவருக்கு அருவருப்பூட்டின. அதனையும் அவர் மறைக்கவில்லை. ஆயின் ஒன்றை நாம் உற்று நோக்குதல் வேண்டும். அன்புக்குரியோரை மண்ணில் இட்டுப் புழுவுக்கு இரையாக்கும் அரபியர் அறிவிலிகள் என்றும், தாங்களோ நெருப்பிலிட்டு நொடியிற் சுவனம் புகுத்துவதாகவும் ரூஸ் மனிதன் ஒருவன் நகைத்தான். தம் மார்க்கத்தின் அடக்க முறையை இகழ்ந்த அச்சொல்லையும் அவர் விடாது பதிந்தார். கப்பல் எரிப்புச் சடங்கை ஆராய்வோர் இன்றும் அவ்வரபுக் குறிப்பை நாடுகின்றனர்.

ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் இந்தியரின் சமயங்களைப் பற்றி நூல் யாத்த அல்பிரூனியும் இவ்வழியினரே. வடமொழி பயின்று, வாதுக்காக அன்றி, உள்ளதை உள்ளவாறு உரைத்தலே தம் நோக்கம் எனத் தெளிவுபடுத்தினார். நம் காலத்திற்கு வந்தால், நாகூரிற் பிறந்து, 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயில் அவர்கள் சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக இருந்து, வாலி வதத்தை நீதிபதிக்குரிய நடுநிலையோடு ஆராய்ந்தார்கள். கம்பனைக் கற்பது தம் மார்க்கத்திற்கு முரண் என அவர்கள் கருதவில்லை. பிறர் வணங்குவனவற்றை ஏசலாகாது என்பது திருமறையின் ஆறாம் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுக்கம். பிறர் நம்பிக்கையைத் திரிக்காமல் எடுத்துரைப்பது அவ்வொழுக்கத்தை ஒட்டியதே என்பது நம் துணிபு.

தயக்கம் தீர்ந்தது, எழுதும் முறையைக் கற்பித்தல் எஞ்சியது. ஐஸ்லாந்திற்குச் செல்லுமுன் அவர் நாள்தோறும் காணும் யானைமலையிலிருந்து தொடங்குவோம் என்றோம். ஒரு ஞாயிறு காலை நரசிங்கத்திற்கு அழைத்துச் சென்று, மலையை நோக்கியவாறு மூன்று வினாக்களை விடுத்தோம்.

முதல் வினா: கதை யாது? பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் யானை எய்த படலம் இதனை உரைக்கிறது. சமணர் வளர்த்த வேள்வித் தீயினின்று எழுந்த யானை மதுரையை அழிக்க வந்தது. சோமசுந்தரக் கடவுள் அம்பெய்து வீழ்த்தினார். அதுவே மலையாய்க் கிடக்கிறது. நாகமலைக்கும் பசுமலைக்கும் இத்தகைய கதைகள் உண்டு.

இரண்டாம் வினா: கூறியவர் யார், எவருக்காகக் கூறினார்? சைவ அடியார்க்காகச் சைவ முனிவர் பாடியது அது. மூன்றாம் வினா: கதைக்குப் புறத்தே உள்ள சான்று யாது? அம்மலைக் குகைத்தளத்தில் துறவியர்க்கான கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. தீர்த்தங்கரர் உருவங்களும் அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயரும் பாறையில் காணப்படுகின்றன. அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையோ 770ஆம் ஆண்டினது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் கொலை யானையை ஏவினர் எனக் கதை பேசுகிறது. அவர்கள் அங்குத் தவமிருந்தனர் எனப் பாறை பேசுகிறது.

“கதை ஒண்ணு சொல்லுது, கல்லு ஒண்ணு சொல்லுதே ஐயா” என்றார் மாணவர். “இரண்டையும் எழுதுங்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை இகழாதீர்கள். அடியார்க்கு அது இறைவனின் திருவிளையாட்டு. அதனை முதலில் அவர் உளங்கொண்டபடி எழுதுங்கள். சமணர் தரப்பையும் சான்றோடு எழுதுங்கள். உம் கருத்தை இறுதியில், உம் கருத்து என்றே கூறி எழுதுங்கள்” என்றோம்.

அம்மூன்று வினாக்களையும் அவரே பின்னர் நோர்ஸ் தொன்மத்தின்பால் செலுத்தினார். கதையைக் கூறியவர் யார் எனத் தேடியபோது அவருக்கு வியப்புக் காத்திருந்தது. அக்கதைகளை உரைநடையில் தொகுத்த ஸ்னோரி ஸ்டர்லுசன் ஒரு கிறித்தவர். ஐஸ்லாந்து மக்கள் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டிலேயே கிறித்துவத்தை ஏற்றனர். ஸ்னோரியின் ‘எட்டா’ நூலோ 1220ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. அஃதும் இளங்கவிஞர்க்கான பாடநூலாக அமைந்தது! பழம்பாடலில் பொன்னைச் ‘சிஃபின் கூந்தல்’ என்பர். தோரின் மனைவி சிஃபின் கூந்தலை லோகி கத்தரித்ததும், அதற்கு ஈடாகப் பொற்கூந்தல் செய்தளித்ததும் அறியாதார்க்கு அச்சொல் விளங்குமோ? பழந்தெய்வங்களைக் கிறித்தவர் நம்ப வேண்டுவதில்லை. ஆயினும் கவிதை வாழ வேண்டுமாயின் அக்கதைகளை மறத்தலாகாது என்பதே ஸ்னோரியின் கருத்து. ஆகவே, நம்மிடம் வந்திருப்பது பழஞ்சமயத்தார் தாமே எழுதியது அன்று, பின்வந்த பிறமதத்தார் காத்துத் தந்தது என்னும் எச்சரிக்கை கட்டுரையில் இடம்பெறல் வேண்டும்.

மாணவர் கட்டுரையை முற்றிலும் புதிதாக எழுதினார். ஆங்கிலக் கிழமைப் பெயர்களிலிருந்து தொடங்கினார். நாம் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி எனக் கோள்களின் பெயரால் வழங்கும் நாட்களை ஆங்கிலேயரின் முன்னோர் தீர், ஓதின், தோர், ஃபிரிக் ஆகிய தெய்வங்களின் பெயரால் வழங்கினர் என்று காட்டினார். சொக்கநாதர் அழிவற்றவராகப் போற்றப்படுகையில், நோர்ஸ் தெய்வங்களோ ‘ரக்னரோக்’ என்னும் இறுதிப்போரில் மடிவதாகக் கதை கூறுவதை ஒப்பிட்டு முடித்தார். சொற்பிழைகள் சில இருந்தன. ஆயினும் ஒவ்வொரு வரியும் அவருடையதாக இருந்தது. பரிசு கிட்டவில்லை. நாம் விசாரித்தபோது அவர் முறுவலித்து, “அத்தா படிச்சாங்க ஐயா. இப்னு ஃபள்லான் புத்தகம் தமிழில் இருக்கான்னு கேட்டாங்க” என்றார். அதனினும் பெரிய பரிசு யாது?

ஆதலின் நம் துறைக்கும் இதனைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு இரு கட்டுரைகள் எழுதட்டும். ஒன்று தம் மரபு பற்றியும், மற்றொன்று பிறர் மரபு பற்றியும் அமையட்டும். இந்து மாணவர் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பற்றியும், முஸ்லிம் மாணவர் திருவிளையாடலைப் பற்றியும், கிறித்தவ மாணவர் யானைமலைச் சமணரைப் பற்றியும் எழுதட்டும். செய்தி கிட்டிய இடத்தை ஒளிவின்றிக் குறிக்கப் பழகட்டும். நம்மைப் பற்றிப் பிறர் எங்ஙனம் எழுத வேண்டுமென விழைகிறோமோ, அங்ஙனமே நாம் பிறரைப் பற்றி எழுதுதல் நீதி.

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைக் குறைவின்றித் திருப்பித் தருதலை அமானிதம் என்கிறோம். பிறர் போற்றும் கதையும் நம் எழுதுகோலிடம் வரும்போது அமானிதமே ஆகிறது. அதனைப் பேணும் பண்பை நம் இளைய தலைமுறைக்கு வல்ல அல்லாஹ் அருள்வானாக!