படமும் ஓர் அமானிதமே

 

அண்மையில் ஒக்கூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் பழைய புகைப்படம் ஒன்று நம் கைக்கு வந்தது. தொப்பியும் கோட்டும் அணிந்த இளைஞர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அருகே ஒரு சிறுவன் நிற்கிறான். பின்புறம் ஸ்டூடியோவின் முத்திரை மட்டுமே உள்ளது. “எங்கள் நன்னாவுடைய அண்ணனாக இருக்கலாம், ஹஜ்ரத். சரியாகச் சொல்லக்கூடிய நன்னி போன வருடம் மவ்த்தாகிவிட்டார்கள்” என்றார் வீட்டுக்காரர். முகம் எஞ்சியது, பெயர் போய்விட்டது.

தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்கள் கரையானுக்கு இரையாகிவரும் நிலையில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர் 1880 முதல் 1980 வரையிலான படங்களைத் தேடி மின்னுருவாக்கினர். பிரிட்டிஷ் நூலகம் நடத்தும், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் திட்டம் அதற்குத் துணைநின்றது. அத்திட்டத்தின் விதிப்படி மூலப்படங்கள் பிறந்த நாட்டைவிட்டு வெளியேறுவதில்லை. நகல்களே இணையத்தில் வைக்கப்படுகின்றன. பாராட்டத்தக்க பணி. எனினும், இணையத்தில் ஏறிய படம் சிற்றூரின் மூதாட்டி கைக்குத் தானாக வந்துவிடாது. படத்திலிருப்பவர் யாரென்று சொல்லக்கூடியவரோ அவர்தாம்.

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு சமூகத்தின் அனுபவம் நமக்குப் பாடமாகிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்கள் குதிரையேறிச் செல்வதை எட்வர்ட் கர்ட்டிஸ் 1904இல் படமெடுத்து, மறைந்துவரும் இனம் என்று தலைப்பிட்டார். அவ்வினம் மறையவில்லை, இன்று அவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். படத்திலிருப்போரைக் கேளாமல் பிறர் பெயரிட்டால் நேர்வது இதுவே. 1966இல் சால் வொர்த், ஜான் அடேர் என்னும் ஆய்வாளர்கள் பைன் ஸ்பிரிங்ஸ் என்ற நவஹோ ஊரில் அம்மக்களின் கையிலேயே திரைப்படக் கருவியைக் கொடுத்தனர். எடுத்த படங்கள் அவ்வூராருக்கே முதலில் திரையிடப்பட்டன. பணி தொடங்குமுன் ஊர்ப் பெரியவர் ஒருவர், இதனால் ஆடுகளுக்குத் தீங்கு வருமா, நன்மை வருமா, இரண்டும் இல்லையெனில் எதற்காக என்று வினவினாராம்.

நம் மஹல்லாப் பெரியவர்களின் வினாவும் ஏறக்குறைய இதுவே. உருவம் வரைவோரைக் கண்டிக்கும் நபிமொழிகளை முன்னிறுத்தி, புகைப்படத்தையும் தவிர்க்கும் ஆலிம்கள் உள்ளனர். எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ போன்றோர், அது நிழலைத் தடுத்து நிறுத்துவதேயன்றிப் படைப்பன்று எனக் கூறி அனுமதித்தனர். இக்கருத்து வேறுபாட்டைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. ஹஜ்ஜுக்கான பாஸ்போர்ட்டிலேயே படம் இருக்கிறது. வீட்டு அலமாரிகளிலும் இருக்கிறது. இருப்பதை எவ்வாறு நடத்துவது என்பதே இன்றைய கேள்வி.

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் பணிக்கிறது. ஒருவரது முகமும் அமானிதமே என்பது நம் கருத்து. ஆகவே, பழைய படங்களைக் கண்காட்சியாக்குவோர் நகரங்களுக்குக் கொண்டுசெல்லுமுன் அவை பிறந்த ஊருக்குக் கொண்டுவரட்டும். அங்கே இரண்டு உரிமைகள் பேணப்படல் வேண்டும். ஒன்று, பெயர் சொல்லும் உரிமை. மற்றொன்று, வேண்டாம் என்று சொல்லும் உரிமை. வீட்டுக்காகவே எடுக்கப்பட்ட நம் தாய்மார்களின் படத்தை, சந்ததியினரின் சம்மதமின்றிச் சுவரில் மாட்டுவது பழமையைப் போற்றுவது ஆகாது.

பிறரைக் குறைகூறுமுன் நம் கடமையையும் செய்வோம். வரும் ஜும்ஆ விடுமுறையில் பிள்ளைகளை நன்னியிடம் அமர்த்துங்கள். படத்தின் மீது எழுதாமல், தனித்தாளில் பெயர், ஊர், உறவு, சென்ற நாடு ஆகியவற்றை எழுதி உறையில் சேர்த்து வையுங்கள். பெரியவர் நம்மிடையே இருக்கும் நாள்களே இதற்கான அவகாசம்.

இவ்வூர்ப் பெயர் தாங்கிய சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் முகத்தை எவரும் கண்டதில்லை. அவர் பெயரும் பாடல்களும் இன்றும் நிலைத்திருக்கின்றன. நம் முன்னோர் முகங்களைப் பெயரற்றவையாக விட்டுச்செல்லும் தலைமுறையாக நாம் ஆகிவிட வேண்டாம். அமானிதம் பேணுவோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.