எங்க வீட்டு போர் தண்ணியும் ஒரு டஜன் அமேசான் மீனும்

"சித்தி, மீனெல்லாம் ஏன் சாஞ்சு சாஞ்சு நீந்துது?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. அக்கா மகள் கேட்டதும் தூக்கம் போய்விட்டது. முந்தின வாரம்தான் அவளுடைய ஏழாவது பிறந்த நாளுக்காகக் கொளத்தூர் போய் 12 நியான் டெட்ரா வாங்கி வந்திருந்தோம். நீலக் கோடும் சிவப்பு வாலுமாக மின்னும் குட்டி மீன்கள். அன்று மதியத்துக்குள் ஒன்பது போய்விட்டன. மிச்சம் மூன்றும் தொட்டி மூலையில் ஒடுங்கி நின்றன.

கொன்றது நான்தான்.

நியான் டெட்ராவின் சொந்த ஊர் அமேசான் படுகை. உதிர்ந்த இலைகள் ஊறி, டீ டிகாஷன் நிறத்தில் ஓடும் ஓடைகள். அந்தத் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. லேசான அமிலத்தன்மை உண்டு. எங்கள் வீட்டு போர் தண்ணீரோ பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டும் ரகம். பி.ஹெச் பார்த்தேன், 8. அதை 6.5-க்குக் கொண்டு வர, கடையில் பி.ஹெச் குறைக்கும் திரவம் வாங்கி நாலு சொட்டு விட்டேன். ராத்திரி 6.6. காலையில் பார்த்தால் மறுபடியும் 8! விடுவேனா? தினமும் ஊற்றினேன். நாலாம் நாள் ராத்திரி கொஞ்சம் தாராளமாகவே.

கொளத்தூரில் பல வருடமாக மீன் வளர்க்கும் ஒரு அண்ணனிடம் புலம்பினேன். "ஏம்மா, பி.ஹெச்சைத் துரத்துனியா? கே.ஹெச் எவ்ளோன்னு பாத்தியா?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் அளவுதான் கே.ஹெச். நாம் ஊற்றும் அமிலத்தை அது பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். அதில் உண்டாகும் கார்பன் டை ஆக்ஸைடு இருக்கும் வரை பி.ஹெச் இறங்கிய மாதிரி தெரியும். வாயு வெளியேறியதும் பழையபடி ஏறிவிடும். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் பஞ்சு கொஞ்சம் கரையும். முழுசாகக் கரைந்த பிறகு விழும் சொட்டு, பி.ஹெச்சை ஒரேயடியாகப் பாதாளத்துக்கு இழுத்துவிடும். மேலே, கீழே, மேலே, கீழே என்று நாலு நாள் ஆடியதிலேயே மீன்கள் பாதி செத்திருக்கும்.

ஆக, முதலில் குறைக்க வேண்டியது தண்ணீரின் கடினத்தன்மையை. கால்சியம், மெக்னீசியம் அளவைச் சொல்லும் ஜி.ஹெச்சையும், கே.ஹெச்சையும் பார்க்க சொட்டு மருந்து கிட் கிடைக்கிறது. பெரும்பாலான கிட்களில் எத்தனையாவது சொட்டில் நிறம் மாறுகிறதோ, அத்தனை டிகிரி. எங்கள் போரில் ஜி.ஹெச் 20, கே.ஹெச் 16. டி.டி.எஸ் மீட்டர் 900 காட்டியது.

இதற்கு மருந்து பாட்டில் வேண்டாம், கிச்சன் ஆர்.ஓ போதும். ஒரு பங்கு போர் தண்ணீர், மூன்று பங்கு ஆர்.ஓ தண்ணீர். ஜி.ஹெச் 5, கே.ஹெச் 4 பக்கம் வந்துவிட்டது. நியானுக்குத் தாராளம். 'முழுசா ஆர்.ஓ ஊத்திடலாமே' என்று தோன்றும். கூடாது. அதில் பஞ்சே இருக்காது. மீன் கழிவால் உண்டாகும் அமிலமே பி.ஹெச்சைக் கவிழ்த்துவிடும். ஆர்.ஓ மெஷினின் வேஸ்ட் தண்ணீர் பக்கமும் போகாதீர்கள், அது போரைவிடக் கடினம். மாடியில் இருக்கும் வாட்டர் சாஃப்ட்னரும் உதவாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைப் போடும், கே.ஹெச் அப்படியே இருக்கும்.

கடினம் குறைந்த பிறகுதான் வாதாம் மர இலைக்கு வேலை. ஆமாம், பள்ளிக்கூட வாசலில் குடை மாதிரி நிற்குமே, அதே நாட்டு வாதாம்தான். காய்ந்து தானாக உதிர்ந்த இலை இரண்டைக் கழுவிப் போட்டால், தண்ணீர் மெல்ல டீ நிறமாகும், பி.ஹெச்சும் கொஞ்சம் இறங்கும். மருந்து அடிக்கும் இடத்து இலை மட்டும் வேண்டாம்.

தொட்டியில் அழகுக்குப் போட்ட வெள்ளைக் கற்களும் எனக்கு எதிரிதான். ஒரு கல்லை எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டேன், பொங்கியது. சுண்ணாம்பு! கல்லையும் மகாபலிபுரத்துச் சிப்பியையும் வெளியே எடுத்தேன். அவை தொட்டியில் இருந்தால் கடினம் திரும்ப ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கலவையை ஒரே நாளில் மாற்றவில்லை. இரண்டு நாளுக்கு ஒரு தடவை, தொட்டியில் பத்தில் ஒரு பங்கு மட்டும். மூன்று வாரம் ஆயிற்று. இத்தனை மெனக்கெட முடியாதவர்கள் கப்பியோ மோலியோ வாங்கலாம், கடினமான போர் தண்ணீர் அவற்றுக்குப் பிடித்தமானது. எனக்கு இந்த யோசனையைக் கடையில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மிச்சமிருந்த மூன்றும் இப்போது தொட்டி நடுவில் சுற்றுகின்றன. டி.டி.எஸ் பார்த்து நோட்டில் எழுதுவது அக்கா மகளின் வேலை. நேற்று 270. "புது மீன் எப்போ சித்தி?" என்கிறாள். இன்னும் இரண்டு வாரம் இதே அளவில் நிற்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.