வயலில் விளைவதும் வண்டியில் கிடைப்பதும்

பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தருகே மாலைப் பொழுதிற் சென்று நிற்பவர், தள்ளுவண்டிக் கடைகளின் முன்னே கூடும் கூட்டத்தைக் காணாதிரார். அரியலூரிலிருந்து சிமிட்டி ஏற்றிவந்த லாரி ஓட்டுநரும், பருத்தி விற்றுத் திரும்பும் உழவரும், பாடம் முடிந்த மாணவரும் தோளோடு தோள் நின்று கொத்துப் புரோட்டா உண்கின்றனர். இவர் இன்னார், அவர் இன்னார் என்று வினவுவாரில்லை. இத்தகைய கடைகளை இழித்துரைப்பார் உளர். நாம் அவரோடு உடன்படோம். கண்முன்னே வெந்து, ஆறுமுன் தீர்ந்துபோகும் பண்டத்தினும், கதவடைத்த அடுக்களையில் ஆக்கி வைத்த பண்டம் தூயதென்பது எங்ஙனம்?

எனினும் எமக்கு ஒரு குறையுண்டு. தட்டிலிருப்பது வெளிநாட்டுப் பண்டமன்றாயினும் வடநாட்டுக் கோதுமையின் மைதா. ஊர்ப்புறத்துக் கரிசல் நிலத்திலோ, புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுக்கும் மக்காச்சோளம் மலைபோற் குவிகின்றது. தமிழ்நாட்டில் அப்பயிர் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூர் ஒன்று. அத்தானியத்திற் பெரும்பகுதி கோழித் தீவனமாகின்றது. விளைத்தவர் உண்பதில்லை, ஆதலின் தீவனம் வாங்குவோர் சொன்ன விலையே விலை.

மக்காச்சோளத்தின் தாயகம் மெக்ஸிகோ. ஆண்டுள்ள மக்கள் டாக்கோ என்னும் உண்டியைத் தெருவோரக் கடைகளில், நம்மவர் போன்றே நின்றபடி உண்கின்றனர். தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைத்து, மெல்லிய அடையாகத் தட்டிச் சுட்டு, உள்ளே இறைச்சியும் வெங்காயமும் மிளகாய்த் துவையலும் வைத்து மடிப்பர். அச்சுண்ணாம்பு வீண் சடங்கன்று. அஃதின்றேல் மக்காச்சோளத்திலுள்ள நயாசின் என்னும் உயிர்ச்சத்து உடலிற் செவ்வனே சேராது. இம்முறையை விடுத்துத் தானியத்தை மட்டும் கைக்கொண்ட தென் ஐரோப்பிய ஏழைகளும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதி ஏழைகளும் பெலாக்ரா என்னும் கொடுநோய்க்கு இரையாயினர். சுண்ணாம்புக்கல் நிறைந்த அரியலூர்ச் சீமையினராகிய நாமோ, சுண்ணாம்பை வாயில் வைப்பது வெற்றிலையோடு மட்டுமே!

பயிர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 2018-ஆம் ஆண்டில் அப்பயிரைத் தின்று இம்மாவட்டத்து உழவரைக் கலங்கடித்த படைப்புழுவும் அக்கண்டத்ததே. சட்டினியிலுள்ள தக்காளியும் மிளகாயும் அங்கிருந்தே வந்தன. சமையல் ஒன்றே வழியில் தங்கிவிட்டது போலும்.

வண்டிக்காரர் முயலட்டும் என்று எழுதுவது எளிது. ஒரு மாலையின் மாவு வீணானால் மறுநாளைக்கு முதலில்லாதவர் அவர். தீவனத்திற்கென விளைக்கும் மஞ்சள் மணி அடைக்கு எவ்வளவு ஏற்றது, பூஞ்சை பற்றாமல் அதனை உலர்த்துவது எங்ஙனம் என்பனவும் முன்னரே ஆராயத்தக்கவை. ஆகவே முதற்செலவை ஏற்கத்தக்கது நம் கல்லூரி விடுதியே. ஒரு சனிக்கிழமை மாலை, செட்டிகுளத்துச் சின்ன வெங்காயமும் சிறிது கோழிக்கறியும் வைத்து மடித்துப் பார்ப்போம். நன்றாயின், செய்முறையைப் பேருந்து நிலையத்து வண்டிக்காரரிடம் கொண்டுசெல்வோம். நன்றன்றாயின் நட்டம் நம்முடையது. அன்றிரவு நாமும் புரோட்டா வண்டியின் முன் வரிசையில் நிற்போம்.