வழுக்கினால் பறக்குமா?

"ஈரப் புல்லில் இறங்கும்போதுதான் சார் பயம். ஏறும்போது என்ன? வழுக்கிக்கொண்டு இன்னும் வேகமாகப் போகும்." சிறிய விமானங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் விவரம் தெரிந்தவர்கள்கூட இப்படித்தான் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுத் தவறு.

இதை மறுக்க விமானியாக இருக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழை விட்ட மறுநாள் அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு பள்ளி மைதானத்தின் குறுக்கே சைக்கிள் மிதித்துப் பாருங்கள். பிரேக் பிடித்தால் வழுக்கும், மிதித்தால் நகராது. தரை ஒன்றுதான். ஹெர்குலிஸ் சைக்கிள் செய்த அம்பத்தூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டுமா? ஊறிய மண்ணில் டயர் அமிழ்கிறது. தான் அழுத்திய பள்ளத்திலிருந்து தானே ஏறி ஏறித்தான் உருள வேண்டும். போதாததற்குப் புல் வேறு சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. விமானத்தை ஓட்டுவது முன்னால் சுழலும் விசிறி. சக்கரம் சும்மா உருள்கிறது, அவ்வளவுதான். அது உருளச் சிரமப்படும் அளவுக்கு விசிறியின் இழுவை வீணாகிறது.

பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானம் ஓட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு கொடுத்திருக்கிறது. ஏறத் தேவையான தூரத்தோடு காய்ந்த புல்லுக்கு 20 சதவீதம், ஈரப் புல்லுக்கு 30 சதவீதம் கூட்ட வேண்டும். வந்ததைப் பாதுகாப்புக்காக 1.33 ஆல் பெருக்க வேண்டும். கையேட்டில் 500 மீட்டர் என்றிருந்தால் ஈரப் புல்லில் ஏறக்குறைய 865 மீட்டர். மண் இளகியிருந்தால் அதுவும் போதாது. செஸ்னா 172 கையேடோ காய்ந்த புல்லுக்குத் தரையோட்டத்தில் 15 சதவீதம் கூட்டச் சொல்லிவிட்டு ஈரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் புத்திசாலிகளும் உண்டு.

நம் ஊர்ச் சூடு இன்னொரு பக்கம். மழை விட்டு வெயில் அடித்து 32 டிகிரி ஆனால், பூந்தமல்லித் தரையிலேயே விமானத்துக்குச் சுமார் 2,000 அடி உயரத்துக் காற்றுதான் கிடைக்கும். இன்ஜினுக்கும் இறக்கைக்கும் வலு குறையும். கீழே புல் அப்போதும் காய்ந்திருக்காது.

பாதி ஓடுபாதை தாண்டியும் வேகம் ஏறவில்லை என்று கண்டு விமானி பிரேக்கை மிதிக்கிறார். வழுக்கல் தன் வேலையைக் காட்டுவது அப்போதுதான். வேலியை நோக்கி.

சக்கரத்தடியில் இருக்கும் ஈரத்தைப் பெரிய நிபுணர்களே குறைத்து எடைபோட்டிருக்கிறார்கள். 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் ஓடுபாதையின் பனிச்சேற்றில் ஓடிய விமானம் 117 நாட் வேகம் தொட்டு, மேலெழ முடியாமல் 105க்கு இறங்கியது. 23 பேர் இறந்தார்கள். இறக்கையில் பனி படிந்திருந்ததைக் கவனிக்கவில்லை என்று கேப்டன் மீது பழி விழுந்தது. காரணம் பனிச்சேறுதான் என்று பிரிட்டன் ஒப்புக்கொண்டு அவரை விடுவிக்க 1969 ஆயிற்று.

"அந்தக் காலத்தில் எல்லாம் மண்ணும் புல்லும்தானே, பறக்கவில்லையா?" என்பார்கள். பறந்தார்கள். 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து சென்னை வரை வான்தபால் தொடங்கிய ஜே.ஆர்.டி. டாடாவுக்குப் பம்பாயில் விமானத்தளமாக இருந்தது ஜுஹுவின் சேற்றுத் தரை. மழைக்காலம் வந்தால் அவருடைய ஆட்கள் மூட்டை முடிச்சோடு புனாவுக்குப் போய்விடுவார்கள்.